கைராட் எப்படி சாம்பியன்ஸ் லீக்ல? தோத்த டீம் எல்லாம் எப்படி இன்னும் ஆடிட்டு இருக்கு?

பின்வரிசை பாலு (திருப்பூர்)

நேத்து (2025 செப்டம்பர் 30) ராத்திரி பத்தேகாலுக்கு மேட்ச் போட்டு உக்காந்தேன். ரியல் மாட்ரிட் எதிரா கைராட் அல்மாட்டி. யாருடா இதுன்னு மேப்ல தேடினா கசகஸ்தான், அதுவும் சீனா பார்டர் பக்கம். எம்பாப்பே மூணு கோல், மொத்தம் 5-0. அது இருக்கட்டும்.

என் டவுட்டு வேற. இந்த கைராட் ஜூலையில பின்லாந்து டீம் ஒண்ணுகிட்ட 2-0 தோத்திருக்கு. ஆனா உள்ள வந்திருச்சு. அந்த பின்லாந்து டீமும் வேற ஏதோ ஐரோப்பியக் கோப்பையில ஆடுதாம். கைராட்கிட்ட தோத்த ஸ்காட்லாந்து டீம் செல்டிக், யூரோப்பா லீக்ல ஆடுது. தோத்தா வீட்டுக்குப் போறதுதானே நாக் அவுட்? எங்க ஊர் செவன்ஸ் டோர்னமென்ட்ல தோத்தா பஸ் காசு கூட தர மாட்டாங்க.

அப்புறம் 'சாம்பியன்ஸ் பாதை', 'லீக் பாதை'ன்னு ரெண்டு பேர் வருது. அது என்ன? பிரீமியர் லீக் மட்டும் பாக்குற ஆளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

வடக்கு வெயில் (பூடோ, நோர்வே)

தம்பி பாலு, நான் இஞ்ச பஸ் ஓட்டுறனான். ரண்டு ஷிப்ற்றுக்கு நடுவில இருந்து எழுதிறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளும். ஆனா தகுதிச் சுற்று எண்டு ஆரும் கேட்டா எனக்குக் கை சும்மா இராது. மே மாச இறுதியாட்டத்தைத் தூக்கம் வந்தா விட்டிட்டுப் படுத்திடுவன். யூலை மாசத்து முதலாம் சுற்றை விடமாட்டன்.

முதல்ல கைராட். கசகஸ்தான் 2002இல ஆசியக் காற்பந்துச் சங்கத்தை விட்டு ஐரோப்பியச் சங்கத்துக்கு வந்த நாடு. பெரிய லீக் இல்லை, அதால அந்த நாட்டுச் சாம்பியன் ஆக அடியில இருந்து ஏறவேணும். கைராட் இந்த வருசம் நாலு சுற்று, எட்டு ஆட்டம் விளையாடினது. முதல்ல ஸ்லோவேனியாவின்ர ஒலிம்பியா. பேந்து நீர் சொன்ன பின்லாந்துக் கழகம், பேர் குப்ஸ். அங்க போய் 2-0 தோத்தவை, ஊருக்கு வந்து 3-0 எண்டு வெண்டவை. ரண்டு ஆட்டத்தையும் கூட்டித்தான் கணக்கு, அதால 3-2. மூண்டாவது ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, பெனால்ற்றியில. கடைசியா செல்டிக்: 0-0, 0-0, மேலதிக நேரத்திலயும் கோல் இல்லை, திரும்பவும் பெனால்ற்றி. 21 வயசுப் பொடியன் அனார்பெகோவ் மூண்டு உதையைத் தடுத்தான். 3-2.

கவனிச்சீரோ? செல்டிக்குக்கு அது ரண்டாவது ஆட்டம், கைராட்டுக்கு எட்டாவது. ஸ்கொட்லாந்துச் சாம்பியன் எண்டபடியால் செல்டிக் நேராக் கடைசிச் சுற்றில வந்து குந்தினது.

இப்ப பாதைக் கதை. சாம்பியன்ஸ் லீக்கின்ர பிரதான போட்டிக்கு லீக் கட்டம் எண்டு பேர். அதில வாற 36 அணியில 29 அணி தகுதிச் சுற்றே விளையாடாமல் உள்ள போகும். மிச்சம் ஏழு கதிரை. அதில அஞ்சு, நாட்டுச் சாம்பியன்மாருக்கு மட்டும்; அதுதான் சாம்பியன்ஸ் பாதை. ரண்டு கதிரை, தங்கட லீக்கில ரண்டாவது, மூண்டாவது, நாலாவதா வந்த ஆக்களுக்கு. அது லீக் பாதை. 2009க்கு முதல் எல்லாரையும் ஒரே சட்டிக்குள்ள போட்டுக் கிண்டினவை. ஒரு சின்ன நாட்டுச் சாம்பியன் ரண்டு சுற்று வெண்டு வந்தால், எதிரில இங்கிலாந்தின்ர நாலாவது அணி நிக்கும். அதோட கதை முடிஞ்சுது. பிளாட்டினி ஐரோப்பியச் சங்கத் தலைவரா இருக்கேக்க ரண்டாப் பிரிச்சவை. அந்த மனுசனைப் பற்றி ஆயிரம் குறை கதைக்கலாம், இது ஒண்டுக்கு நான் கை தட்டுவன்.

தோத்தா என்ன நடக்கும் எண்டது அடுத்தது. கீழ விழுறதில்லை, படியில ஒரு தட்டு இறங்கிறது: மேல சாம்பியன்ஸ் லீக், அதுக்குக் கீழ யூரோப்பா லீக், கடைசித் தட்டு கொன்பரன்ஸ் லீக். கைராட் வெண்ட நாலு அணியையும் எடுத்துப் பாரும். செல்டிக் கடைசிச் சுற்றில தோத்தது, அதால நேரா யூரோப்பா லீக்கின்ர லீக் கட்டம். ஸ்லோவான் மூண்டாம் சுற்றில தோத்தது, யூரோப்பாவின்ர கடைசித் தகுதிச் சுற்றுக்குப் போய் அங்கயும் தோத்து, கொன்பரன்ஸ் லீக்கில வந்து நிண்டது. குப்ஸ் ரண்டாம் சுற்றில தோத்து, யூரோப்பாவில ஒரு சுற்று வெண்டு, அடுத்ததில தோத்து, அதுவும் கொன்பரன்ஸ் லீக். ஒலிம்பியா மட்டும்தான் கடைசியில வெளிய. நாலு பேர் தோத்து, மூண்டு பேர் இப்பவும் ஐரோப்பாவில விளையாடிக்கொண்டிருக்கினம்.

இதில ஒரு கணக்கு இருக்கு, அதைத்தான் சின்னக் கழகத்துக்காரர் யூன் மாசமே விரல் மடிச்சு எண்ணுவினம். சாம்பியன்ஸ் பாதையில முதலாம் சுற்றில தொடங்குற அணி ரண்டு சுற்று வெண்டால் போதும். அதுக்குப் பிறகு வரிசையாத் தோத்தாலும், எங்கயாவது ஒரு லீக் கட்டத்தில இடம் உண்டு. மூண்டாம் சுற்றில தோத்தா யூரோப்பாவின்ர கடைசிச் சுற்று, அதிலயும் தோத்தா கொன்பரன்ஸ். ரண்டே ரண்டு சுற்று. வட அத்திலாந்திக்கில இருக்கிற குட்டிப் பரோ தீவுக்காரர் 2023இல இதைத்தான் செய்தவை. அது எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதை, ஷிப்ற் முடிய வந்து எழுதிறன்.

கிளாஸ்கோ குமரன்

கைராட் பேரை எடுத்து என் வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டீங்க. மதுரைக்காரன், கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்து செல்டிக் பைத்தியமா ஆனவன். அல்மாட்டி மேட்ச் அன்னைக்கு ரூம்ல ஒரு பய சாப்பிடல.

எங்களுக்கு இந்த தகுதிச் சுற்று எப்பவுமே கண்டம். 2018 ஏ.இ.கே. ஏதென்ஸ், 2019 குளூஜ், 2020 பெரன்க்வாரோஸ், 2021 மிட்டில்லாண்ட், வரிசையா நாலு வருஷம் தோத்தோம். 2016ல ஜிப்ரால்டர்ல லிங்கன் ரெட் இம்ப்ஸ்ங்கிற டீம்கிட்ட 1-0. விமான நிலைய ரன்வேயை ஒட்டின கிரவுண்டு, பக்கத்துல பாறை. கோல் போட்ட லீ கசியாரோ போலீஸ்காரர். பிரெண்டன் ராட்ஜர்ஸ் கோச்சா வந்து முதல் மேட்ச்! திரும்பி வந்து 3-0 ஜெயிச்சு மானத்தைக் காப்பாத்தினாங்க.

கசகஸ்தான் எங்களுக்குப் புதுசும் இல்ல. 2013ல ஷக்தார் கராகண்டின்னு ஒரு டீம், முதல் மேட்ச்ல எங்களை 2-0 அடிச்சாங்க. மேட்சுக்கு முன்னாடி ஆடு வெட்டினாங்கன்னு இங்க பேப்பர்ல எல்லாம் பெரிய நியூஸ். வெள்ளைக்காரன் அதிர்ச்சியாயிட்டான். எனக்கு என்னடான்னா, பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடா வெட்டிட்டு வேலையை ஆரம்பிக்கிற மாதிரிதானே இருக்கு! திரும்பி வந்து 3-0, மூணாவது கோல் எக்ஸ்ட்ரா நிமிஷத்துல ஜேம்ஸ் ஃபாரஸ்ட் போட்டது.

ஆனா பாலு, தகுதிச் சுற்றுன்னா என்னன்னு ஒரே கதையில புரியணும்னா 2014ல போலந்து டீம் லெகியா வார்சா கதையைப் படிங்க. எங்களை வார்சாவுல 4-1 அடிச்சாங்க, அதுல ரெண்டு பெனால்டி வேற வீணாக்கினாங்க. திரும்ப எடின்பரோல, மர்ரேஃபீல்டு ரக்பி மைதானத்துல 2-0. காமன்வெல்த் போட்டிக்காக எங்க கிரவுண்டைக் கொடுத்திருந்தாங்க, அதான் அங்க. மொத்தம் 6-1. முடிஞ்சு போச்சுல்ல?

முடியல. ரெண்டாவது மேட்ச் முடியப்போற நேரத்துல பெரெஷின்ஸ்கின்னு ஒரு டிஃபெண்டரை இறக்கினாங்க. அவருக்கு முந்தின சீசன்ல மூணு மேட்ச் தடை. 'முந்தின சுற்றுல அயர்லாந்து டீம்கூட ரெண்டு மேட்ச், செல்டிக்கோட ஒண்ணு, மூணு ஆச்சு'ன்னு கிளப் கணக்குப் போட்டிருக்கு. ஆனா அந்த அயர்லாந்து சுற்றுக்கு அவர் பேரையே லிஸ்ட்ல கொடுக்கல. லிஸ்ட்ல இல்லாத ஆளுக்குத் தடை எப்படிக் கழியும்? கழியாது. அந்த மேட்சை எங்களுக்கு 3-0ன்னு எழுதிட்டாங்க. 4-4, வெளியூர் கோல் கணக்குல (மொத்தம் சமமா இருந்தா எதிரி ஊர்ல கூட கோல் போட்ட டீம் உள்ள) நாங்க உள்ள. ஜெயிச்சோம்னு சொல்லவே எங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு. அடுத்த சுற்றுல மாரிபோர்கிட்ட தோத்து வெளிய வந்தோம், அதுவும் நியாயம்தான்.

அந்த வெளியூர் கோல் விதி 2021ல எடுத்தாச்சு. இப்ப சமமா இருந்தா எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி.

ஆஃப்சைடு ஆனந்த் (சென்னை)

எல்லாம் சரி. ஆனா நேர்மையா ஒரு கேள்வி. இந்த குட்டி டீமையெல்லாம் இழுத்துட்டு வந்து 5-0 வாங்க வைக்கிறதுல யாருக்கு லாபம்? கைராட் லிஸ்பன் போய் ஸ்போர்ட்டிங்கிட்ட 4-1, வீட்டுல ரியல்கிட்ட 5-0. அந்த இடத்துல இங்கிலாந்து, ஸ்பெயின் டீம் ஒண்ணு வந்திருந்தா மேட்சாவது உருப்படியா இருந்திருக்கும். தகுதிச் சுற்றெல்லாம் சென்டிமென்ட். தரம் வேணும்.

வடக்கு வெயில்

ஆனந்த் தம்பி, உமக்கு மறுமொழி கடைசியில. முதல்ல சொன்ன கதையை முடிக்கிறன்.

நான் 88இல நோர்வேக்கு வந்தனான். வடக்கில பின்மார்க்கில மீன் பக்ரறி. அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேர் அங்கதான், நாள் முழுக்க கத்தியும் கொட் மீனும். பேந்துதான் பூடோவுக்கு இறங்கினனான். இது ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல இருக்கிற ஊர், யூலை தொடக்கத்தில சூரியன் மறையாது. 2022 யூலையில எங்கட ஊர்க் கழகம் பூடோ கிளிம்ட்டுக்கு முதலாம் சுற்று. எதிரணி கிளாக்ஸ்விக், பரோ தீவு. ஆஸ்ப்மிரா மைதானம் எங்கட வீட்டில இருந்து நடக்கிற தூரம், எட்டாயிரம் பேர் கொள்ளும், தரையெல்லாம் செயற்கைப் புல். இரவாகியும் கண்ணைக் கூசுற வெயில். அங்கால பக்கத்தில நீலச் சட்டை போட்டுக் கொஞ்சப் பேர்.

இடைவேளையில கோப்பி வரிசையில ஒரு கிழவர், நீலச் சால்வை. நோர்வே மொழியில கதை குடுத்தன், அவர் டேனிஷ் கலந்து மறுமொழி சொன்னார். என்ன வேலை எண்டு கேட்டன். மீன் பக்ரறி, இப்ப பென்சன் எண்டார். நானும் அதுதான் செய்தனான் எண்டன். உடன என்ர இடது கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தார். பெருவிரலடியில எனக்கு ஒரு கத்தித் தழும்பு. தன்ர கையைக் காட்டினார், அதே இடத்தில அவருக்கும். கோப்பி ஆறிப்போச்சு, ரண்டாம் பாதி தொடங்கினதும் எங்களுக்குத் தெரியாது.

அண்டைக்கு 3-0 எங்கட பக்கம். நான் கிளாக்ஸ்விக்கை மறந்திட்டன். அடுத்த கிழமை அங்க போனால் 3-1, அவையின்ர பக்கம்! மொத்தத்தில 4-3. இன்னுமொரு கோல் விழுந்திருந்தா எங்கட கதை மேலதிக நேரத்துக்குப் போயிருக்கும். ரீவியில பாத்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கினது. ஊரின்ர சனத்தொகை அஞ்சாயிரம் சொச்சம், தீவு முழுக்கக் கூட்டினாலும் ஐம்பதினாயிரம் சொச்சம்.

2023இல அவை திரும்ப வந்தவை. முதலாம் சுற்றில ஹங்கேரியின்ர பெரன்க்வாரோஸ். வீட்டில 0-0. புடாபெஸ்ற்றில 3-0, பரோ தீவுக்காரருக்கு! பெரன்க்வாரோஸ் பயிற்சியாளர் செர்செசோவின்ர வேலை அதோட போச்சு, ரஷ்யாவை 2018 உலகக் கிண்ணத்தில காலிறுதிக்குக் கொண்டுபோன மனுசன். ரண்டாம் சுற்றில சுவீடன் சாம்பியன் ஹெக்கன்: 0-0, 3-3, பெனால்ற்றியில கிளாக்ஸ்விக். ரண்டு சுற்று முடிஞ்சுதே? அதுதான் நான் சொன்ன கணக்கு. அந்த நிமிசமே பரோ தீவில இருந்து முதன்முதலா ஒரு கழகம் குழுநிலைக்கு (இப்பத்த லீக் கட்டத்துக்கு அப்ப அதுதான் பேர்) போறது உறுதி. பேந்து எங்கட நோர்வேயின்ர மோல்டேயிட்டத் தோத்தவை, மொல்டோவாவின்ர ஷெரீப்பிட்டத் தோத்தவை, கொன்பரன்ஸ் லீக்கில வந்து நிண்டவை. அங்க ஒலிம்பியாவை 3-0 எண்டு அடிச்சு, பிரான்சின்ர லில்லை 0-0 எண்டு பிடிச்சவை.

ஹெக்கன் பெனால்ற்றி பாத்த இரவு நான் ஷிப்ற்றில. கடைசித் தரிப்பிடத்தில பஸ்ஸை நிப்பாட்டி, ஏழு நிமிச இடைவெளியில போனில பாத்தன். கடைசி உதை உள்ள போனதும் ஹோர்னை அமத்திப்போட்டன். பஸ்ஸில இருந்த ஒரேயொரு மனுசி என்ன நடந்தது எண்டு கேட்டா. பரோ தீவு வெண்டிட்டுது எண்டன். நீ பரோ தீவோ எண்டு கேட்டா, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு.

சரி ஆனந்த் தம்பி. 5-0 எண்டு சொன்னீர். நீர் அந்த ஆட்டம் பாத்த அதே இரவு, இஞ்ச ஆஸ்ப்மிராவில பூடோ கிளிம்ட் 2 - ரொட்டன்ஹாம் 2. கிளிம்ட்டும் தகுதிச் சுற்றால வந்த அணிதான்; கடைசிச் சுற்றில ஒஸ்திரியாவின்ர ஸ்ற்றூம் கிராஸை முதலாட்டத்தில 5-0 எண்டு வெண்டு வந்தது. அதுக்கு முதல் 2022இல லின்பீல்ட்டிட்ட பெல்பாஸ்ற்றில 1-0 தோத்து, இஞ்ச வச்சு 8-0 வெண்டு, கடைசிச் சுற்றில சாக்ரெப்பில மேலதிக நேரத்தில கவுண்டது. 2024இல திரும்பவும் கடைசிச் சுற்று, பெல்கிறேட்டில ரெட் ஸ்ரார் எங்களைக் கவுத்தது. மூண்டாந்தரம்தான் கதவு திறந்தது. நேரா உள்ள விட்ட அணியா இருந்தா இந்தப் பாடம் எங்க படிக்கிறது?

இன்னும் ஒண்டு. அசர்பைஜானின்ர கராபாக் மூண்டு சுற்று வெண்டு உள்ள வந்து, லிஸ்பனில பென்பிக்காவிட்ட ரண்டு கோல் பின்னால நிண்டு, 3-2 எண்டு வெண்டது. அந்த இரவே பென்பிக்கா பயிற்சியாளரைக் கலைச்சுது. ஆரைக் கூப்பிட்டவை? பேர்போன பயிற்சியாளர் மொரின்யோவை. அவரைத் துருக்கியின்ர பெனர்பாச்சே ஏன் கலைச்சது? தகுதிச் சுற்றில பென்பிக்காவிட்டத் தோத்தபடியால்! இங்கிலாந்தின்ர ஆறாவது அணியைக் கொண்டுவந்து விட்டிருந்தா இப்பிடி ஒரு கூத்து நடந்திருக்குமே?

ஆஃப்சைடு ஆனந்த்

மொரின்யோ மேட்டர் எனக்குத் தெரியாது, அது செம. ஆனா பணம்தான் காரணம்னு ஒத்துக்கோங்கண்ணா. லீக் கட்டத்துல கால் வைச்சாலே சாம்பியன்ஸ் லீக்ல 1 கோடியே 86 லட்சம் யூரோ. யூரோப்பாவுல 43 லட்சம்தான். அந்த அனார்பெகோவ் தடுத்த மூணு பெனால்டி 1 கோடியே 43 லட்சம் யூரோ வித்தியாசம். பாசமெல்லாம் அப்புறம்.

வடக்கு வெயில்

காசு இல்லை எண்டு நான் எங்க சொன்னன்? காசுதான். அதைக் கொண்டு வந்து, ஒவ்வொரு வருசமும் அதே கழகம் தங்கட நாட்டு லீக்கை நசுக்கிறதும் நடக்குது, அது எனக்கும் பிடிக்காது. ஆனா அந்தக் காசை ஆடி உழைக்கட்டும். சொகுசாக் குந்தி இருக்கிறவனுக்கு அனுப்பத் தேவையில்லை.

கிளாஸ்கோ குமரன்

சொகுசா குந்தி இருந்தது நாங்கதான்ணா, ரெண்டே மேட்ச். அடி வாங்கிக்கிறோம்.

பின்வரிசை பாலு

அண்ணா, இப்ப புரிஞ்சிருச்சு. பேப்பர்ல கட்டம் போட்டு கைராட் வழியை வரைஞ்சு பாத்தேன், குப்ஸ் எங்க போனாங்கன்னும் கண்டுபிடிச்சேன். ஆனந்த் சொல்றதுலயும் பாதி சரி, ஆனா 5-0 ஆனப்புறமும் அல்மாட்டி கிரவுண்டுல ஒருத்தன் எழுந்து போகல, அதையும் நான் பாத்தேன்.

ரெண்டு சின்ன டவுட்டு. ஒண்ணு, குலுக்கல் எப்படி? முந்தின சுற்று முடியறதுக்கு முன்னாடியே அடுத்த சுற்று குலுக்கல் நடந்திருச்சுன்னு போட்டிருக்கு. ரெண்டு, உங்க மைதானத்துல பெரிசா மஞ்சள் கலர்ல ஒண்ணைத் தூக்கிட்டு நின்னாங்க. துடைப்பமா அது?

வடக்கு வெயில்

குலுக்கல் நியோனில, சுவிஸில. ஆட்டம் முடிய முதலே 'இவரும் அவரும் மோதுறதில வெல்லுறவர்' எண்டு ஒரு பந்துக்குள்ள எழுதிப் போடுவினம். அந்த ரண்டு பேரில ஆருக்கு ஐரோப்பியப் புள்ளி (முந்தின வருசங்களில ஐரோப்பியக் கோப்பைகளில விளையாடி எடுத்தது) கூடவோ, அவரின்ர தரம்தான் அந்தப் பந்துக்கு. அதால சின்ன அணி பெரிய அணியை வெண்டால், அதின்ர கதிரையையும் சேத்து எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில கொஞ்சம் லேசான எதிரி வரலாம். ஒரு கல்லில ரண்டு மாங்காய்.

துடைப்பம் இல்லை தம்பி, பல் விளக்கிற பிரஷ். ஆள் உயரத்துக்கு மேல இருக்கும், 1970களில இருந்து இந்த ஊரின்ர அடையாளம். என்ர மகளிட்டச் சின்னன் ஒண்டு இருக்கு, பரோ தீவுக் கிழவருக்குக் குடுப்பம் எண்டு அண்டைக்குக் கொண்டு போனது. தழும்புக் கதையில மறந்து திரும்பக் கொண்டு வந்திட்டன். இப்பவும் பஸ் சாவி தூக்கிற ஆணியில தொங்குது.